பழைய லைனை ரத்து செய்யாதீங்க, சாமி!

பிரிட்டனில் செம்புக் கம்பி போனுக்கு 2027 ஜனவரி கடைசியோடு மூடுவிழா. ஃபைபர் இன்டர்நெட் வழி போனுக்கு மாறும் அவசரத்தில் பழைய இணைப்பை முந்திக்கொண்டு ரத்து செய்தால் நம்பரும் அதோடு போச்சு! ஆர்டர் போடும்போதே ‘இதே நம்பர் வேண்டும்’ என்று சொல்லி, போர்ட்டிங் தேதியை, அதாவது நம்பர் புது இணைப்புக்கு மாறும் நாளை, எழுத்தில் வாங்குங்கள். சில மலிவுத் திட்டங்களில் போன் சேவையே கிடையாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை.

மாறியபின் சுவர் சாக்கெட்டில் டயல் டோன் வராது. போனை ரௌட்டரின் பின்னாலிருக்கும் போன் போர்ட்டில் செருக வேண்டும். செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இப்போது கரண்ட் போனால் ரௌட்டரும் போனும் சேர்ந்தே ஊமை. லேண்ட்லைனையே நம்பியிருப்போருக்கு ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு கிடைக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வழிகாட்டல். ஒரு மணி நேரம்! மின்தடை என்ன கடிகாரம் பார்த்தா வருகிறது?