பிரிட்ஜில் உறைந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெயா?

"ஒரு கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள், உறைந்தால் சுத்தம், உறையாவிட்டால் கலப்படம்." நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி பாதிகூட உண்மையில்லை.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். அதில் ஏறக்குறைய பாதி, எளிதில் உறையும் கொழுப்பு அமிலமான லாரிக் அமிலம். ஆனால் மலிவான பனைக்கொட்டை எண்ணெயிலும் (நம் ஊர்ப் பனையல்ல, பாமாயில் தரும் பனையின் கொட்டையில் எடுப்பது) லாரிக் அமிலம் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதுவும் பிரிட்ஜில் கல்லாக உறையும். ஆக, கலப்படக்காரர் விரும்பும் எண்ணெயே இந்தச் சோதனையில் ஜம்மென்று தேறிவிடுகிறது!

நேரமும் ஏமாற்றும். உறைய முதலில் சிறு படிகங்கள் உருவாக வேண்டும். கிளாஸ் நிறைய ஊற்றினால் ஓரம் வெள்ளையாகி, நடுவில் எண்ணெய் அரை மணி கழித்தும் திரவமாகவே நிற்கலாம். செக்குக்காரரைத் திட்டிவிடாதீர்கள்.

இரவு முழுக்க வைத்தபிறகும் மேலே தனியாகத் திரவ அடுக்கு நின்றால் வேறு எண்ணெய் கலந்ததாகச் சந்தேகிக்கலாம். சிறிதளவு கலந்திருந்தால் அதுவும் தெரியாது, மொத்தமாகவே உறைந்துவிடும்.

ஆய்வகத்தில் அயோடின் மதிப்பு, அதாவது எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எண், பார்ப்பார்கள்: தேங்காய் எண்ணெய்க்கு 7.5 முதல் 10 வரை, பனைக்கொட்டை எண்ணெய்க்குச் சுமார் 14 முதல் 21 வரை. காறல் வாடை வேறு விஷயம். சரியாகக் காயாத கொப்பரையை ஆட்டினாலும் அது வரும்.