அந்த ஐந்து வினாடி

என் தம்பிக்குத் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். பத்து வருடத்துக்கு மேலாக வீடியோ கேம் ஆடுகிறான், எங்கள் வீட்டில் அவனளவுக்கு ஆட யாருக்கும் வராது. எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான், எங்கே பதுங்க வேண்டும், துப்பாக்கியில் எத்தனை குண்டு மிச்சம், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் நடுவில் ஏதாவது ஒரு கதவு வந்துவிடும். பட்டனைத் திரும்பத் திரும்ப வேகமாக அழுத்தச் சொல்லும். அவன் கட்டைவிரல் அந்த வேகத்துக்கு எழும்பாது. கன்ட்ரோலரை மடியில் வைத்து, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து முயன்று பார்ப்பான், கதவு பாதி திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். அப்புறம்தான், "அக்கா, இதை மட்டும் அமுக்கிக் கொடேன்" என்பான். ஐந்து வினாடி அமுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். வாங்கிக்கொள்ளும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

அந்த கேமைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஈஸி மோடில் ஆடிப் பாருங்கள் என்று பதில் வந்தது. சரி என்று மாற்றினோம். எதிரிகள் இரண்டே அடியில் விழுந்தார்கள், கதவு மட்டும் அப்படியே நின்றது!

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி என்றதும், கேமைச் சப்பென்று ஆக்கச் சொல்கிறார்கள் என்று கோபப்படுகிறார்கள். எதிரிகள் எவ்வளவு பலசாலியாக வேண்டுமானாலும் இருக்கட்டும், என் தம்பிக்கு அதுதான் பிடிக்கும். அவன் கேட்பது, பத்து தடவை தட்டுவதற்குப் பதிலாக ஒரே தடவை அழுத்திப் பிடித்தால் போதும் என்கிற ஒரு ஆப்ஷன். 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-வில் அது இருக்கிறது. அதோடு சேர்த்து 60-க்கும் மேற்பட்ட வசதிகள். மெனுவை வாசித்துக் காட்டும் குரல், போக வேண்டிய திசையைச் சொல்லும் ஒலி, எதிரியையும் நண்பனையும் தனித்தனி நிறத்தில் பளிச்சென்று காட்டும் திரை. பார்வையே இல்லாதவர்கள் அதை முழுக்க ஆடி முடித்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கேமை முதன்முதலில் திறந்ததுமே இந்த செட்டிங்ஸ் வந்துவிடும். வாசித்துக் காட்டும் வசதி எட்டாவது மெனுவுக்குள் ஒளிந்திருந்தால், கண் தெரியாதவர் அதுவரை எப்படிப் போவார்?

2018-இல் வந்த 'செலஸ்ட்' மலையேறுகிற, மிகக் கடினமான கேம். அதிலும் வேகத்தைக் குறைக்க, களைப்பே வராமல் ஏற, அடிபடாமல் இருக்க அசிஸ்ட் மோடு வைத்தார்கள். அதை ஆன் செய்யாதவர்களுக்கு ஆட்டம் எள்ளளவும் மாறவில்லை. 2023-இல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கார் பந்தயத்தையே காதால் ஓட்டவிடுகிறது. வளைவு எப்போது வருகிறது, எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் எல்லாம் ஒலியாக வரும்.

இது யாரோ நாலு பேருக்கான வேலையும் இல்லை. 'அசாசின்ஸ் க்ரீட் ஒரிஜின்ஸ்' கேமில் சப்டைட்டில் அணைந்தே வந்தது, சுமார் 60 சதவீதம் பேர் தேடிப்போய் ஆன் செய்தார்கள். அடுத்து வந்த 'ஒடிஸி'யில் தொடக்கத்திலேயே ஆன் செய்து கொடுத்தார்கள், சுமார் 95 சதவீதம் பேர் அதை அணைக்கவே இல்லை. அத்தனை பேருக்கும் காது கேட்காமலா? (அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க ஒரு வழியும் எல்லா கேமிலும் கொடுங்கள். சோபாவிலிருந்து எறும்பைப் படிக்கிற மாதிரி இருக்கிறது.)

கருவிகளும் வந்திருக்கின்றன. 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் உள்ளங்கையால் அழுத்துகிற அளவுக்கு இரண்டு பெரிய பட்டன்கள், பின்னால் 19 ஜாக்குகள். காலால் மிதிக்கிற ஸ்விட்ச், கன்னத்தால் தட்டுகிற ஸ்விட்ச் என்று அவரவர் உடம்புக்கு ஏற்றதைச் செருகிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஸ்விட்சுகளைத் தனித்தனியாக வாங்க வேண்டும், எல்லாராலும் முடியாது. அதனால்தான் கேமுக்குள்ளேயே செய்ய முடிந்ததை முதலில் செய்யுங்கள் என்கிறேன். முடிந்த கேமில் கடைசியாக ஒட்டவைப்பதுதான் கஷ்டம், கேமுக்குத் திட்டம் போடும்போதே யோசித்தால் அழுத்திப் பிடிக்கும் ஆப்ஷன் பெரிய வேலையே இல்லை.

தம்பி அந்தப் பழைய கேமை இன்னும் முடிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறதாம். நான் வந்து அமுக்குகிறேன் என்றேன். "வேண்டாம்க்கா, அப்டேட் வரட்டும், நானே திறக்கிறேன்" என்கிறான்.