அவள் புகார் கொடுத்தாள்

எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஏன் வெளியேறினாய் என்று மூன்று நாளாக இன்பாக்ஸில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் எப்படியும் சுற்றியிருக்கும், அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பி.டி.எஃப்.பைக் குரூப்பில் போட்டது தப்பு. ‘விழிப்புணர்வுக்காக’ போட்டாலும் தப்பு. எடுத்துவிடு என்று நான் கெஞ்சிய பிறகும் எடுக்காமல், "ஓவரா சீன் போடாத" என்றது அதைவிடப் பெரிய தப்பு. அதற்குக் கைதட்டல் எமோஜி போட்டவர்களில் இரண்டு பேருக்குப் பெண் குழந்தைகள் இருக்கின்றன. காதுகுத்துக்கு நான் போயிருக்கிறேன்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். 2024 டிசம்பர் 23 ராத்திரி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள், அவள் படிக்கிற இடத்துக்குள், வெளியாள் ஒருவன் நுழைந்து அந்தக் கொடுமையைச் செய்கிறான். வீடியோ இருக்கிறது என்று மிரட்டுகிறான். மறுநாளே அவள் போய்ப் புகார் கொடுத்தாள். இந்த வயதில் எனக்கு அந்தத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. பெண்கள் தைரியமாக முன்வந்து புகார் கொடுக்க வேண்டும் என்று வருஷா வருஷம் மார்ச் 8 அன்று மேடை போட்டுச் சொல்கிறோமே, அதைத்தான் அவள் செய்தாள். பதிலுக்கு நாம் கொடுத்தது, அவளை அடையாளம் காட்டும் விவரங்களோடு ஒரு பி.டி.எஃப்.

எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்ததற்குக் காரணம், பழைய குற்றச் சட்டமான ஐ.பி.சி.யிலிருந்து புதிய பி.என்.எஸ்.ஸுக்கு மாறியதில் தொழில்நுட்பக் கோளாறாம். புதுச் சட்டம் ஜூலை 1 அன்றே வந்துவிட்டது. ஆறு மாதமாகச் சரிசெய்ய முடியாத கோளாறு என்ன கோளாறு? சரி, இணையதளம் தானாகத் திறந்துகொண்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை டவுன்லோட் செய்ததும், குரூப் குரூப்பாக அனுப்பியதும் கம்ப்யூட்டரா? பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால் 2 வருஷம் வரை சிறை என்கிறது பி.என்.எஸ். 72ஆவது பிரிவு. பழைய சட்டத்திலும் 228ஏ என்று இருந்ததுதான். போலீஸுக்குத் தெரியாத சட்டமா?

டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைப் படித்தீர்களா? அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதமே மாணவியின் மேல் பழி போட இடம் கொடுக்கிறது என்று நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், லட்சுமிநாராயணன் அமர்வு கண்டித்திருக்கிறது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு, எஃப்.ஐ.ஆர். கசிந்ததற்காக 25 லட்சம் இடைக்கால இழப்பீடு.

அந்த 25 லட்சத்தைப் படித்ததும் எனக்குப் பொள்ளாச்சி பாலியல் வழக்குதான் ஞாபகம் வந்தது. 2019இல் மாவட்ட எஸ்.பி.யே பிரஸ் மீட்டில் உட்கார்ந்துகொண்டு பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொன்னார். அடுத்து அரசாணையிலும் பெயர் அச்சானது. அப்போதும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. ஐந்து வருஷத்தில் ஆட்சி மாறிவிட்டது, சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. பெயர் வெளியே வருவது மட்டும் நிற்கவில்லை. இதைச் சொன்னால் "நீ எந்தக் கட்சி" என்று கேட்கிறீர்கள். மாணவி வழக்கில் கைதானவன் எந்த அமைச்சரோடு போட்டோ எடுத்தான் என்று தேடிய வேகத்தில் பாதியாவது அந்த பி.டி.எஃப்.பை அழிப்பதில் இருந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

எஃப்.ஐ.ஆர். வார்த்தையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், அது எப்படி எழுதப்படுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஒன்பது வருஷம் முன்னால், சித்தப்பா மகளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஊர் என்று வேண்டாம். கூட வேலை பார்க்கும் பையனோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தவளிடம் ஒருவன் பின்னாலிருந்து வந்து அத்துமீறிவிட்டு ஓடியிருக்கிறான். வீட்டிலேயே புகாரை எழுதிக்கொண்டு போயிருந்தோம். ரைட்டர் அதை வாங்கிப் படித்தார். எதிர் பெஞ்சில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அந்த நேரத்துல அங்க என்னம்மா வேலை?" என்று அவர்களுக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு வெள்ளைத் தாள் எடுத்து, நான் சொல்றபடி எழுது என்றார். "பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம்" என்று இவள் எழுதியிருந்த இடத்தில் அவர் சொன்னது: "ஆண் நண்பருடன் தனிமையில் பேசிக்கொண்டிருந்தபோது".

தனிமையில். மெயின் ரோடு சார் அது, எதிரில் பரோட்டாக் கடை என்றேன். "இப்படித்தாம்மா எழுதணும், கோர்ட்ல நிக்கணும்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையை எழுதும்போது அவள் பேனா நின்று நின்று போனது. கடைசியில் கையில் கொடுத்தது, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆர். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நாலாம் நாள் சித்தப்பா போய் வாபஸ் வாங்கிவிட்டார். தடுக்க என்னால் முடியவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது.

"வீட்டைப் பூட்டாமப் போனா திருடன் வரத்தானே செய்வான்" என்று குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். அவருக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் திருடு போனால் ஸ்டேஷனில் "ஏன் நகை வாங்குனீங்க" என்று கேட்பார்களா? உங்கள் மனைவி பெயரையும் வீட்டு விலாசத்தையும் ஊர் முழுக்க அனுப்பி, இவங்க வீட்டில்தான் பூட்டு சரியில்லை என்று சிரிப்பார்களா? சரி, எதைப் பூட்டச் சொல்கிறீர்கள்? வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செய்தவன் தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்கிறது. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன். ஆறு மணிக்கே கதவைச் சாத்திக்கொண்டாலும் அவன் உள்ளேதான் இருப்பான். அந்த மாணவியும், கேட், காவலாளி எல்லாம் உள்ள வளாகத்துக்குள்தான் இருந்தாள்.

பொய்ப் புகார்கள் வருவதில்லையா என்றால், வரலாம். அதை விசாரிக்கத்தான் கோர்ட் இருக்கிறது, வாட்ஸ்அப் குரூப் எதற்கு?

"உயர்ந்த இடத்துப் பொண்ணுங்களுக்கு இப்படி நடக்காது" என்றும் ஒருவர். 2021இல் ஒரு பெண் எஸ்.பி., சிறப்பு டி.ஜி.பி. மேல் பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்கு வரும்போது பரனூர் டோல்கேட்டில் போலீஸை வைத்தே மறித்தார்கள். காக்கிச் சட்டை போட்ட, ஒரு மாவட்டத்தையே கையில் வைத்திருந்த அதிகாரியை! அந்த டி.ஜி.பி.க்கு 2023இல் விழுப்புரம் நீதிமன்றம் 3 வருஷம் தண்டனை கொடுத்தது. அவரை மறித்த இன்னொரு எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். ஹெல்மெட் போடாமல் போனால்கூட 1,000 ரூபாய்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருபத்தைந்து வருஷம் ஒன்றாகப் பழகியவர்கள். அப்பா இறந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடித்து வந்தவர்கள். அவர்கள் என்னைத் திட்டியதுகூடப் பரவாயில்லை. என்றைக்காவது எனக்கு ஒன்று நடந்தால், என் பெயர் போட்ட தாளையும் இவர்கள் இப்படித்தான் அனுப்புவார்களா என்று ராத்திரி படுத்தபடி யோசித்தேன். அப்படி யோசிக்க வைத்துவிட்டார்களே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று மாலை சித்தப்பா மகள் போன் செய்தாள். இப்போது அவளுக்கு ஒரு பையன், யு.கே.ஜி. படிக்கிறான். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அக்கா, அந்தப் பொண்ணு பேரு, ஊரு எல்லாம் வெளிய வந்துடுச்சாமே?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நல்லவேளை, அப்பா அன்னிக்கே வாபஸ் வாங்கிட்டாங்க" என்றாள்.

அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குரூப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த பி.டி.எஃப்.பை இன்றைக்காவது அழித்துவிடுங்கள். சாட்டில் அழித்தாலும் போனில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும், அங்கேயும் பாருங்கள்.