அந்த ஒரு ‘கூட’

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். “வாக்குரிமைப் போராட்டத்துக்கு ஊனமுற்ற பெண்ணைக்கூட அழைத்து வந்தார்கள்” என்றார் பேச்சாளர். அரங்கமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

அவர் சொன்ன பெண், பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ரோசா மே பில்லிங்ஹர்ஸ்ட். அவரை யாரும் அழைத்து வரவில்லை. சிறுவயதில் போலியோவால் கால்கள் செயலிழந்தவர், கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டியில் தானே வந்தார். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டின் சங்கத்துக்கு, 1910-இல் லண்டனின் கிரீனிச் பகுதியில் கிளையைத் தொடங்கியவரே அவர்தான். கிளையைத் தொடங்கியவரை யார் அழைத்து வருவது?

அதே ஆண்டு நவம்பர் 18, ‘கறுப்பு வெள்ளி’. நாடாளுமன்றத்துக்குச் சென்ற பெண்களைப் போலீசார் அடித்தார்கள். பில்லிங்ஹர்ஸ்ட்டை வண்டியிலிருந்து கீழே தள்ளினார்கள், கைகளை முறுக்கினார்கள். பிறகு ஒரு சந்துக்குள் கொண்டுபோய், சக்கரங்களின் வால்வுகளைப் பிடுங்கிக்கொண்டு, ரவுடிக் கும்பல் நடுவே விட்டுவிட்டுப் போனார்கள். யாரோ கூட்டிவந்த பெண் என்றால் வால்வை எதற்குப் பிடுங்க வேண்டும்? விட்டால் திரும்பவும் ஓட்டிக்கொண்டு வந்து நிற்பார் என்று அந்தப் போலீசாருக்குப் புரிந்திருந்தது. வந்தும் நின்றார். 1912-இல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துச் சிறை சென்றார். 1913-இல் மீண்டும் சிறை, உண்ணாவிரதம், வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே உணவு. இத்தனைக்கும் பிறகு அவர் ஒரு ‘கூட’வா?

கல்லூரியில் மகளிர் தினப் பேரணி நடந்தபோது தோழிகள் என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். “வெயிலில் நீ ஏன் கஷ்டப்பட வேண்டும்? பைகளைப் பார்த்துக்கொள்” என்றார்கள். பதினேழு பைகள். முழக்கம் தெருமுனை தாண்டித் தேயும்வரை கேட்டுக்கொண்டு இருந்தேன். என் மூன்று சக்கர வண்டி பக்கத்திலேயே நின்றது. சக்கரங்களில் காற்றும் இருந்தது.

அவர் வசதியான வீட்டுப் பெண், அதனால் முடிந்தது என்பீர்கள். வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். அதே போராட்டத்தில் இருந்த கிழக்கு லண்டன் தொழிலாளர் குடும்பத்து அடிலெய்ட் நைட்டுக்கு என்ன வசதி இருந்தது? ஊன்றுகோலோடு நடந்தவர். ஓராண்டு கிளர்ச்சியை விட்டுவிடுவதாக உறுதி கொடுத்தால் சிறை இல்லை என்றார்கள். மறுத்துவிட்டு, 1906-இல் ஆறு வாரம் சிறையில் இருந்தார். அவரையும் யாரும் அழைத்து வரவில்லை.

பேச்சாளர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று மூன்று பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். அந்தப் பதினேழு பைகளையும் நல்ல எண்ணத்தோடுதான் என் மடியில் வைத்தார்கள். அது எத்தனை ஆண்டுகள் வலிக்கும் என்று வைத்தவர்களுக்குத் தெரியாது.

அடுத்த மாதக் கூட்டம் மாடி அரங்கில் என்று அழைப்பு வந்திருக்கிறது. என்னைத் தூக்கிச் செல்ல ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். தூக்க வேண்டாம். கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் நடத்துங்கள், நானே வருகிறேன்.