கர்னலோட தலையும் கீழ எறங்குற ஸ்டூலும்

நேத்து ராத்திரி தூக்கம் வராம பழைய ஹார்ட் டிஸ்க்க நோண்டிட்டிருந்தேன். 2004ன்னு ஒரு ஃபோல்டர். அதுல ஒரே ஒரு போட்டோ மட்டும் ஒழுங்கா தொறந்துச்சு. ஃபுல் ஹேண்ட் சட்டைய இன் பண்ணிட்டு, கையில பீர் டம்ளரோட, பல்லு மொத்தமும் தெரிய சிரிச்சிட்டு நிக்கிறேன். பின்னாடி செவுத்துல ஒரு கெழவனோட தலை, அதுவும் பாதி கட்டாகிப் போயிருக்கு. என் வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்துட்டு "இப்படியெல்லாம் கூட சிரிப்பீங்களா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. அதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

அந்தத் தலை கர்னல். மனுசன் இல்ல, பொம்மை. ஃப்ளோரிடாவுல ஆர்லாண்டோ பக்கத்துல டிஸ்னி வேர்ல்ட் இருக்குல்ல, அதோட பார்க்குகளுக்கு வெளிய ப்ளெஷர் ஐலண்ட்னு ஒரு எடம் இருந்துச்சு. அதுக்குள்ள அட்வென்ச்சரர்ஸ் க்ளப்னு ஒரு பார். இப்ப ரெண்டுமே இல்ல.

ஏன் பார்க்குக்கு வெளியன்னா, டிஸ்னி வேர்ல்டோட முக்கியமான பார்க்கான மேஜிக் கிங்டம் உள்ள 2012 வரைக்கும் வர்றவங்களுக்கு ஒரு சொட்டு பீர் கூட கெடையாது. குழந்தைங்க எடம், வேணாம்னு வால்ட் டிஸ்னி காலத்துலயே முடிவு பண்ணது. ஆனா பெரியவங்க சாயங்காலமானா ஆர்லாண்டோ டவுன்டவுன்ல சர்ச் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்னு ஒரு எடத்துக்குக் கெளம்பிப் போயிட்டிருந்தாங்க, பகல்ல நம்ம கிட்ட காசு குடுக்குறவன் ராத்திரி வேற எங்கயோ குடுக்குறானேன்னு டிஸ்னிகாரங்களுக்கு உறுத்தியிருக்கும் போல, 1989 மே 1ம் தேதி தாங்களே ஒரு ராத்திரி ஊர தொறந்துட்டாங்க. அதுக்கு ஒரு கட்டுக்கதை வேற. மெரிவெதர் ப்ளெஷர்னு ஒரு பாய்மரத் துணி வியாபாரி இருந்தாராம், இதெல்லாம் அவரு விட்டுட்டுப் போன கெடங்காம், அவரு கடலுக்குப் போனவரு திரும்பி வரவே இல்லியாம். கட்டடத்துக்குக் கட்டடம் தகடு அடிச்சு இந்தப் பொய்ய எழுதி வச்சிருந்தாங்க. நான் ஆறு மாசம் நெஜம்னே நம்பிட்டிருந்தேன், சிரிக்காதீங்க.

இன்னொரு கூத்து, அங்க ரொம்ப வருசம் தெனமும் நியூ இயர். செவ்வாக்கெழமையா இருந்தாலும் சரி, ஜூலை மாசமா இருந்தாலும் சரி, ராத்திரியானா கவுண்ட் டவுன், வாண வேடிக்கை, பேப்பர் மழை. 2005 கடைசியோட அத நிறுத்திட்டாங்க.

நான் அங்க போன கதை ரொம்ப சாதாரணம். கம்பெனி ஆன்சைட்டுக்கு அனுப்புச்சு. இங்கிலீஷ்ல மெயில் நல்லாவே எழுதுவேன், வாயத் தொறந்தா ஒண்ணும் வராது. ஆபீஸ் கேன்டீன்ல யாராவது "வீக்கெண்ட் எப்படிப் போச்சு"ன்னு கேட்டா "குட்"னு சொல்லிட்டு தட்டப் பாத்துக் குனிஞ்சுக்குவேன். ஒரு சனிக்கெழம ரூம்மேட் என்னய மேனிக்வின்ஸ்ங்குற டான்ஸ் க்ளப்புக்கு இழுத்துட்டுப் போனான். அங்க தரையே சுத்தும், ஆடத் தெரியாதவன் சும்மா நின்னாலும் ஒரு ரவுண்டு வந்துருவான். எனக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு. வெளிய வந்து, சத்தம் கம்மியா இருந்த ஒரு கதவப் பாத்து உள்ள நொழைஞ்சேன்.

உள்ள மாடிப்படி, அதுல கீழ எறங்குனா ஒரு பெரிய ஹால், செவுரு பூரா முகமூடி, பாடம் பண்ணுன மிருகத் தலை, பழைய போட்டோ. யாரோ ஒரு வெள்ளக்கார தாத்தா வீட்டு வரவேற்பறை மாதிரி. கவுன்ட்டர்ல ஒரு ஸ்டூல் காலியா இருந்துச்சு, உக்காந்தேன், பீர் சொன்னேன். ரெண்டு நிமிசம் கழிச்சுப் பாத்தா கவுன்ட்டர் என் நெஞ்சுக்கு வந்துருச்சு. அப்புறம் தோளுக்கு. ஸ்டூல் கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கிட்டிருக்கு! நான் ஒடச்சுட்டேன்னு நெனச்சுட்டேன், சத்தியமா. இத எவ்வளவு பிடிப்பாங்கன்னு மனசுக்குள்ள டாலர ரூபாய்க்கு மாத்திட்டிருக்கேன், பார்காரர் என் தலைக்கு மேல எங்கயோ பாத்து டம்ளரத் தொடச்சுட்டிருக்காரு. மொகத்துல ஒரு சின்ன அசைவு கூட இல்ல. அப்புறம் தான் பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிப்ப அடக்கிட்டு இருக்குறது தெரிஞ்சுச்சு.

அந்த நேரம் பாத்து செவுத்துல இருந்த தலை கண்ண முழிச்சு என்னயப் பாத்து "எந்த ஊரு"ன்னு கேக்குது. "சேலம்"னேன். ஹால் மொத்தமும் "ஓஓஓ". அமெரிக்காவுல சேலம்னா மாசசூசெட்ஸ்ல இருக்குற சேலம், 1692ல சூனியக்காரிங்கன்னு சொல்லி ஆளுங்கள தூக்குல போட்ட ஊரு. இது எனக்கு அப்பத் தெரியாது. கர்னல் "நீ தப்பிச்சு வந்தியா"ன்னு கேட்டாரு. நான் சீரியஸா "நோ சார், இந்தியா சேலம், ஸ்டீல் அண்ட் மேங்கோ"ன்னேன். "இதுல நீ எது, ஸ்டீலா மேங்கோவா?" ஒரு நொடி யோசிச்சு "மேங்கோ"ன்னேன். அம்பது பேரு சிரிச்சாங்க. என்னயப் பாத்து இல்ல, நான் சொன்னதுக்கு. அந்த நாட்டுல எட்டு மாசத்துல நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு யாராவது சிரிச்சது அதான் மொத தடவ. போட்டோவுல இருக்குற சிரிப்பு அன்னைக்கு எடுத்தது.

அதுக்கப்புறம் ரெண்டு வருசம் முக்காவாசி சனிக்கெழம அங்க தான். "குங்கலூஷ்"னு ஒரு வார்த்த வச்சிருந்தாங்க, வணக்கமும் அதான், அங்க கெடைக்குற ஒரு ட்ரிங்க்கோட பேரும் அதான். க்ளப்போட தலைவி பமீலியா பெர்க்கின்ஸ், விமானி ஹாத்வே ப்ரௌன், பொருளாளர் ஓட்டிஸ் ரென், க்ரேவ்ஸ்ங்குற பட்லர்னு ஒரு கூட்டம், எல்லாம் நடிகருங்க. மேடை ஏறும்போது மட்டும் இல்ல, உங்க பக்கத்துல வந்து நிக்கும்போதும் அதே ஆளுங்க தான், வேசத்த கலைக்கவே மாட்டாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது எமில் ப்ளீஹால், ஒஹையோல சாண்டஸ்கிங்குற ஊர்ல இருந்து வந்த கூச்ச சுபாவி, பெரிய பெரிய சாகசக்காரங்களுக்கு நடுவுல போட்டிக்கு வந்து நிப்பான். அவன் கூச்சத்தோட நின்ன நெலைய நான் ஆபீஸ்ல தெனம் நின்னுட்டிருந்தேன்.

நம்மூர்ல கூத்து பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். கட்டியக்காரன் ராஜாவ விட்டுட்டு நேரா கூட்டத்துக்கு வந்து, மொத வரிசைல தூங்குறவன எழுப்பி, அவன் பொண்டாட்டி பேர வச்சு வம்பு இழுப்பான்ல, அதே தான். ராத்திரி பூரா கூத்து பாத்து வளந்தவனுக்கு அமெரிக்காவுல மொத மொத பழக்கப்பட்ட எடமா தெரிஞ்சது ஒரு பார்.

இதுல ஒரு விசயம் மட்டும் எனக்கு உள்ளுக்குள்ள குறுகுறுன்னு இருக்கும். அந்த க்ளப் உள்ள எப்பவும் 1937, டிசம்பர் 31. வெளிய வருசம் மாறும், உள்ள மாறாது. எங்க தாத்தா வயசக் கேட்டா தேதி சொல்ல மாட்டாரு, "ராஜாஜி கள்ளுக்கடைய மூடுன வருசம்"பாரு. அது 1937 அக்டோபர் 1, சென்னை மாகாணத்துலயே மொதல்ல சேலம் ஜில்லாவுல தான் மதுவிலக்கு வந்துச்சு. (அதுல போன வரும்படிய ஈடுகட்ட ரெண்டு வருசத்துல விற்பனை வரி வந்தது தனிக் கதை, கடைய மூடுனா பில்லு எப்பவும் வேற ஒருத்தன் தலைல தான்.) தாத்தா பொறந்த அதே வருசத்துக்குள்ள போயி, அவரு பேரன் பீர் டம்ளரத் தூக்கி குங்கலூஷ்னு கத்திட்டிருக்கேன். அவருகிட்ட கடைசி வரைக்கும் இத சொல்லல.

பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரல. தொப்பி போட்ட வெள்ளக்கார துரைங்க, ஆப்பிரிக்காவுல இருந்தும் ஆசியாவுல இருந்தும் அள்ளிட்டு வந்த சாமான், அத வச்சு ஜோக். அவங்க அந்த துரைங்களத் தான் கேலி பண்ணாங்க, எனக்கும் அது புரிஞ்சுது, ஆனாலும் செவுத்துல இருக்குற முகமூடியப் பாத்தா சில நாள் யாரு வீட்டு சாமியோன்னு தோணும். இன்னைக்கு அப்படியே தொறந்தா சண்ட வரும், வரணும் தான்.

ஆனா மூடுனது அதுக்காக இல்ல. 2008 ஜூன்ல அறிவிச்சாங்க, மக்கள் கடையும் சாப்பாட்டு எடமும் தான் கேக்குறாங்கன்னாங்க. செப்டம்பர் 27 சனிக்கெழம, ஐலண்டுல மிச்சமிருந்த ஆறு க்ளப்பும் ஒரே ராத்திரில மூடியாச்சு. நான் அப்ப வேற ஊர்ல. லேமன் ப்ரதர்ஸ்ங்குற பெரிய அமெரிக்க பேங்க் கவுந்து ரெண்டு வாரம் கூட ஆகல, ஆபீஸ்ல தெனம் யாரு சீட்டு காலின்னு பாத்துட்டிருந்தோம், ஃப்ளைட் டிக்கெட் போட மனசு வரல. தனியார் விசேசங்களுக்கு மட்டும் 2009 செப்டம்பர் வரைக்கும் தொறந்து விட்டாங்க, அதோட சரி.

வியாபாரக் கணக்கு எனக்குப் புரியாம இல்ல. ஒரு பீர வச்சுட்டு மூணு மணி நேரம் உக்காந்திருந்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். ஒருத்தனும் எழுந்திருன்னு சொன்னதில்ல, ஸ்டூல மட்டும் தான் எறக்குனாங்க. அத்தன நடிகருக்கு தெனமும் சம்பளம் குடுக்கணும், அந்தச் சதுர அடில ஒரு கடைய வச்சா கடைக்காரன் மாசா மாசம் வாடகை குடுப்பான். எனக்குக் கடுப்பு மூடுனதுல கூட இல்ல. அப்புறம் செஞ்சதுல தான்.

அந்த ஏரியாவுக்கே இப்ப டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ்னு பேரு, 2015ல மாத்துனாங்க. அதே வருசம் ஜாக் லிண்ட்சீஸ் ஹேங்கர் பார்னு ஒண்ணு தொறந்தாங்க, பழைய க்ளப்ப ஞாபகப்படுத்துற சாமான் அங்கங்க வச்சிருக்காங்கன்னு ரசிகருங்க போட்டோ போட்டுப் பூரிச்சுப் போறாங்க. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் ஹோட்டல்ல 2011ல இருந்து இருக்குற ட்ரேடர் சாம்ஸ்ங்குற பார்ல கீழ எறங்குற ஸ்டூலும் உண்டு. எனக்கு இதெல்லாம், கூத்து முடிஞ்சு ஆளுங்களுக்கு டாட்டா காட்டி அனுப்பிட்டு கிரீடத்த மட்டும் கண்ணாடிப் பொட்டில வச்சு லைட்டு போட்ட மாதிரி இருக்கு. அந்த எடம்னா அந்த ஆளுங்க தான், சாமான் இல்ல. "நீ ஸ்டீலா மேங்கோவா"ன்னு கேக்க ஆளில்லாத செவுத்துல எத்தன முகமூடி மாட்டுனா என்ன.

போன வருசம் குடும்பத்தோட போனோம். ஹேங்கர் பார்லயும் உக்காந்தோம், நல்லாத்தான் இருந்துச்சு, குறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஃபேன் ஓடுது, பாட்டு ஓடுது, எல்லாரும் அவங்கவங்க போனப் பாத்துட்டிருக்காங்க. நான் மட்டும் உக்காந்த எடத்துல மெதுவா அமுக்கி அமுக்கிப் பாத்துட்டிருந்தேன், பொண்ணு "அப்பா என்ன பண்றீங்க, எல்லாரும் பாக்குறாங்க"ன்னா. ஒருத்தரும் பாக்கல.

2003ல இருந்து 2006க்குள்ள ஆர்லாண்டோல இருந்தவங்க யாராவது இங்க இருந்தா, அந்த க்ளப்ல எடுத்த போட்டோ இருந்தா இன்பாக்ஸ்ல தள்ளுங்க. கர்னல் மொகம் முழுசா தெரியுறது ஒண்ணு வேணும்.