"தெரியவில்லை அம்மா" என்று சொல்லியிருக்கலாம்

2015 டிசம்பர் 1, மாலை. சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. மழை விட்டபாடில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவே வாசலில் நின்றது. அந்தப் பக்கமாக வந்த உள்ளூர் அரசியல்வாதி ஒருவரை அம்மா நிறுத்திக் கேட்டார்: "தம்பி, ஏரியைத் திறந்துவிட்டார்களாமே, இங்கே தண்ணீர் வருமா?"

"அதெல்லாம் வராது அம்மா. நிம்மதியாகத் தூங்குங்கள்."

தூங்கினோம். நள்ளிரவுக்கு மேல் பாய் நனைந்து எழுந்தோம். அப்பாவை மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. அவருடைய இன்சுலின், தங்கையின் சான்றிதழ்கள், பாட்டியின் ஒரே புகைப்படம், எல்லாம் கீழேயே போயின.

அந்த அரசியல்வாதி பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். வழியில் நிரம்பி வழிந்த மற்ற ஏரிகளின் தண்ணீரும் அதே ஆற்றில்தான் வந்து சேர்ந்தது. ஒரு வட்டார அரசியல்வாதிக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. "தெரியவில்லை அம்மா, எதற்கும் மாடிக்குப் போய்விடுங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன அந்த ஆறுதல்தான் எங்களைத் தூங்க வைத்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வெள்ளம் மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் தென்மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வானிலை மையத்தின் கணிப்பு சரியில்லை என்றது மாநில அரசு. முன்கூட்டியே எச்சரித்துவிட்டோம் என்றது ஒன்றிய அரசு. இவ்வளவு பெய்யும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று இரு தரப்பிலும் ஒருவர்கூட மக்களைப் பார்த்து நேராகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இதில் நம் பங்கும் உண்டு. மேடையில் தயங்கிப் பேசுகிறவரைத் திறமையில்லாதவர் என்கிறோம். தொலைக்காட்சி விவாதத்தில் "இதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் அன்று இரவே அவரைக் கேலிப்படம் ஆக்குகிறோம். காமராஜர் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். விசாரிக்காமல் வாக்குக் கொடுப்பதில்லை என்பதுதானே அந்தச் சொல்லுக்குப் பொருள்? இன்று ஒருவர் அப்படிச் சொன்னால் நழுவுகிறார் என்போம்.

நழுவுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று பதில் வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எண்ணிப் பார்க்காமல் இருந்துவிட்டு, எண்ணிக்கை இல்லை என்பதையே காரணமாகக் காட்டுவது அறியாமையை ஒப்புக்கொள்வது ஆகாது. நான் கேட்கும் "தெரியாது" வேறு. எப்போது தெரிந்துகொண்டு வந்து சொல்வேன் என்பதும் அதோடு சேர்ந்து வர வேண்டும்.

இதற்கு நாடாளுமன்றத்திலேயே வழி இருக்கிறது. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று அமைச்சர் சொன்னால் அது ஓர் உறுதிமொழியாகக் குறித்துக்கொள்ளப்படும். மூன்று மாதங்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். தந்தாரா என்று பார்க்க ஒரு குழுவே இருக்கிறது. அவைக்குள் தெரியாது என்பதற்கு இத்தனை மரியாதை கொடுத்திருக்கும்போது, வெளியே வந்து மக்களிடம் அதைச் சொல்ல ஏன் வாய் வருவதில்லை?

2023இல் மிக்ஜாம் புயல் அன்று அம்மா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார், இந்த முறை வேறொருவரிடம், தொலைபேசியில். "தெரியவில்லை அம்மா. பொறியாளரைக் கேட்டு எட்டு மணிக்குள் சொல்கிறேன். அதற்குள் மருந்து, பத்திரம் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி. 8.20க்கு அவரே அழைத்தார். இன்னும் பதில் கிடைக்கவில்லை, எதையும் கீழே இறக்க வேண்டாம் என்று சொல்வதற்காக.

அன்று தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. வீணாக அலைய விட்டாரே என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை யாருக்கு வாக்கு என்பதை மட்டும் அன்றிரவே எங்களிடம் சொல்லிவிட்டார்.