செயற்கைக்கோளை யாரும் சுடவில்லை
"உக்ரைன் போர் தொடங்கிய அன்றே ரஷ்யா கேஏ-சாட் செயற்கைக்கோளை ஏவுகணையால் தாக்கி முடக்கிவிட்டது, ஜெர்மனியில் காற்றாலைகள் நின்றன" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கேஏ-சாட் என்பது ஐரோப்பாவுக்கு இணைய இணைப்பு தரும், வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள். தேதி சரி, 2022 பிப்ரவரி 24தான். ஆனால் செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அடி விழுந்தது தரையில். வயாசாட் நிறுவனமே வெளியிட்ட விளக்கப்படி, சரியாக அமைக்கப்படாத ஒரு விபிஎன் கருவி (வெளியிலிருந்து உள் வலையமைப்போடு இணைய உதவுவது) வழியாக ஊடுருவியவர்கள் நிர்வாக வலையமைப்புக்குள் நுழைந்திருக்கிறார்கள். அங்கிருந்து வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான மோடம்களுக்கு ஒரே நேரத்தில் கட்டளை போனது. அவற்றின் ஃபிளாஷ் நினைவகத் தரவு அழிந்தது. மோடம் செத்தால் மேலே செயற்கைக்கோள் நன்றாக இருந்து என்ன பயன்?

ஜெர்மனியில் இந்த இணைப்பை நம்பியிருந்த சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் போனது. "காற்றாலைகள் நின்றன" என்பதும் தவறு; அவை தானியங்கி முறையில் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

ஏவுகணையால் அடித்திருந்தால் யார் என்று அன்றே தெரிந்திருக்கும். இதில் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவைப் பகிரங்கமாகக் குற்றம்சாட்ட மே 10 ஆகிவிட்டது. இப்படி வெளிப்படையான போர் என்று சொல்ல முடியாத, யார் செய்தது என்று உடனே தெரியாத சாம்பல் மண்டலத் தாக்குதலில் தாக்குபவருக்குக் கிடைக்கும் லாபமே அந்த இரண்டரை மாதம்தான்.

நீங்கள் சொல்லும் ஏவுகணைச் சம்பவம் வேறு: 2021 நவம்பரில் ரஷ்யா தகர்த்தது தன்னுடைய பழைய செயற்கைக்கோளான காஸ்மோஸ்-1408ஐ.